வளர்ப்புப் பாம்புக்கு எப்போது, எவ்வளவு, எப்படி உணவளிப்பது?
வாசகர் கேள்விகளும் கால்நடை மருத்துவரின் பதில்களும்

நாய், பூனை, கிளி பற்றியே பெரும்பாலும் கேள்விகள் வந்துகொண்டிருந்த இப்பகுதிக்கு, மதுரை நகரிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் பாம்பு வளர்ப்பவர்கள் அண்மைக்காலமாகக் கடிதம் எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். ஏறக்குறைய எல்லாக் கடிதங்களும் உணவைப் பற்றியவை என்பதால், அவற்றில் சிலவற்றை ஒன்றாகச் சேர்த்து இந்த இதழில் பதிலளிக்கிறேன்.

என் மகன் பால் பைத்தான் (Ball Python) எனப்படும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு ஒன்றை முறையான ரசீதுடன் வாங்கி வந்திருக்கிறான். எடை 300 கிராம். விற்றவரிடம் வாரந்தோறும் ஒழுங்காகச் சாப்பிட்டது என்கிறார்கள். எங்கள் வீட்டுக்கு வந்து மூன்று வாரமாகியும் ஒரு வாய்கூட உண்ணவில்லை. வாயைத் திறந்து நாமே ஊட்டிவிடலாமா? பார்க்கவே வேதனையாக இருக்கிறது.
– வாசகி, திருநகர்

அம்மா, தயவுசெய்து வாயைத் திறந்து ஊட்ட வேண்டாம். பாம்பின் வாயும் உணவுக்குழாயும் மிக மென்மையானவை. பழக்கமில்லாத கை திணிக்கும்போது அவை கிழிந்து புண்ணாவதுண்டு. அப்படியே இரை உள்ளே போய்விட்டாலும், அச்சத்தில் இருக்கும் பாம்பு மறுநாளே அதைக் கக்கிவிடும். 300 கிராம் எடையுள்ள, உடல்நலத்தோடு இருக்கும் ஒரு பைத்தான் மூன்று வாரம் பட்டினி கிடப்பதால் அதன் உயிருக்கு ஆபத்து எதுவும் நேராது. நம்மைப்போல் உணவை எரித்து உடற்சூட்டை உண்டாக்கும் உயிரினம் அல்ல அது. சூட்டை வெளியிலிருந்து பெற்றுக்கொள்வதால், அதற்கு வேண்டிய உணவு மிகக் குறைவு. இந்த இனத்தில் வளர்ந்த ஆண் பாம்புகள் இனப்பெருக்கக் காலத்தில் மாதக்கணக்கில் உண்ணாமல் இருந்துவிட்டு, எதுவும் நடவாததுபோல் மீண்டும் உண்ணத் தொடங்குவதும் உண்டு.

எனவே இரையைப் பற்றி யோசிப்பதற்கு முன் இருப்பிடத்தைப் பாருங்கள். இடம் மாறிய பைத்தான் உண்ண மறுப்பதற்கு முதற்காரணம் அச்சமே. கண்ணாடித் தொட்டியைக் கூடத்தில், தொலைக்காட்சிக்குப் பக்கத்தில், வருவோர் போவோர் எல்லாம் எட்டிப் பார்க்கும்படி வைத்திருந்தால், அதை ஆளரவமற்ற அறைக்கு மாற்றுங்கள். மூன்று பக்கமும் செய்தித்தாளை ஒட்டி மறையுங்கள். உடலைச் சுருட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தால் முதுகும் பக்கமும் சுவரில் உரசும் அளவுக்கு நெருக்கமான மறைவிடம், சூடான பக்கத்தில் ஒன்றும் குளிர்ந்த பக்கத்தில் ஒன்றுமாக இரண்டு வேண்டும். விசாலமான மறைவிடத்தை அது மறைவிடமாகவே கருதாது. சூடான பக்கத்தில் 31 முதல் 33 டிகிரி செல்சியஸும், குளிர்ந்த பக்கத்தில் 25 முதல் 27 டிகிரியும் இருக்க வேண்டும். கையை வைத்துப் பார்த்து இதை முடிவு செய்யாமல், தெர்மோஸ்டாட் பொருத்தி வெப்பமானியில் பாருங்கள்.

இவற்றைச் செய்துவிட்டு ஒரு வாரம் அதைத் தொடாதீர்கள், தூக்காதீர்கள். விற்றவரிடம் ஒரு செய்தியை மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: அவர் கொடுத்தது சுண்டெலியா, பெரிய எலியா? உயிருள்ளதா, உறையவைத்ததா? பைத்தான்கள் பழகிய இரையை விட்டு வேறொன்றை எளிதில் ஏற்பதில்லை. சுண்டெலியில் வளர்ந்த குட்டி, பெரிய எலிக்குஞ்சை இரை என்றே அறியாமல் ஒதுங்கிப் போகும். ஒரு வாரம் கழிந்தபின், இருட்டியதும், விளக்கை அணைத்துவிட்டுப் பழகிய இரையைக் காட்டுங்கள். மறுத்தால் அடுத்த நாளே மீண்டும் முயலாமல் இன்னொரு வாரம் விடுங்கள். தினமும் இரையைக் காட்டித் தொந்தரவு செய்வதே பலர் வீட்டில் பட்டினியை நீட்டிக்கிறது.

வாரம் ஒருமுறை எடை மட்டும் பாருங்கள். சமையலறையில் பயன்படும் டிஜிட்டல் தராசு போதும். எடை பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தாலோ, மூச்சு விடும்போது சத்தம் கேட்டாலோ, வாயில் நுரை தெரிந்தாலோ, உடனே மருத்துவரிடம் கொண்டுவர வேண்டும். அதுவரை வேதனைப்பட வேண்டாம்.

ஓராண்டு வயதுள்ள கார்ன் ஸ்நேக் எனும் வட அமெரிக்கப் பாம்பு வளர்க்கிறேன். நண்பர்கள் ஆளுக்கொரு அட்டவணை சொல்கிறார்கள். வாரம் இரண்டு முறை கொடுத்தால் விரைவில் பெரிதாகும் என்பது உண்மையா?
– வாசகர், அண்ணா நகர்

பெரிதாகும் என்பது உண்மைதான். ஆனால் அது நல்லதல்ல. மிகையாக உண்ணும் பாம்பின் கல்லீரலிலும் உள்ளுறுப்புகளைச் சுற்றியும் கொழுப்பு படிந்து, அதன் ஆயுள் குறைகிறது. காட்டில் ஒரு பாம்புக்கு இரை கிடைப்பதும் கிடைக்காததும் நிச்சயமில்லை என்பதால், கிடைக்கும்போதெல்லாம் விழுங்கும் இயல்பு அதற்கு உண்டு. வீட்டில் நாம் நீட்டும்போதெல்லாம் அது வாங்கிக்கொள்வது அந்த இயல்பினால்தானே தவிர, தேவையினால் அல்ல.

வளர்ப்போரிடையே பொதுவாக வழங்கும் முறையைச் சொல்கிறேன். முட்டையிலிருந்து வெளிவந்த கார்ன் ஸ்நேக் குட்டிக்கு, மயிர் முளைக்காத பிங்கி சுண்டெலி ஒன்று, ஐந்து முதல் ஏழு நாட்களுக்கு ஒருமுறை. உங்களுடையதைப் போன்ற இளம் பாம்புக்கு, அதன் பருமனுக்கேற்ற சுண்டெலி ஒன்று, ஏழு முதல் பத்து நாட்களுக்கு ஒருமுறை. முழு வளர்ச்சி அடைந்தபின் ஒரு பெரிய சுண்டெலி, பத்து முதல் பதினான்கு நாட்களுக்கு ஒருமுறை. பால் பைத்தான் வளர்ப்பவர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சுமார் அரைக் கிலோ எடையை எட்டும்வரை, பாம்பின் எடையில் 10 முதல் 15 சதவீத எடையுள்ள இரையை ஏழு முதல் பத்து நாட்களுக்கு ஒருமுறை கொடுக்கலாம். அதற்குப் பின் இடைவெளியைப் படிப்படியாக நீட்டி, ஒரு கிலோவைத் தாண்டியதும் எடையில் 5 சதவீத அளவுள்ள இரையை மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை கொடுத்தால் போதும்.

தராசு இல்லாதபோது இரையின் பருமனைப் பாம்பின் நடுவுடலின் பருமனோடு ஒப்பிடுங்கள். ஏறக்குறையச் சமமாக இருக்க வேண்டும், சற்றே கூடினாலும் பாதகமில்லை. விழுங்கியபின் வயிற்றுப் பகுதியில் இலேசான மேடு தெரிந்தால் அளவு சரி.

ஆனால் அட்டவணையைவிட நான் நம்புவது பாம்பின் உடலை. நேராக ஊர்ந்து செல்லும்போதும் செதில்களுக்கிடையே தோல் வெளிறித் தெரிந்தாலோ, வால் தொடங்கும் இடத்தில் திடீரென்று ஒடுங்கி அதற்குமுன் சதை பிதுங்கி நின்றாலோ, அது பருத்துவிட்டது, இடைவெளியை நீட்டுங்கள். முதுகெலும்பு வரம்பு போல எழுந்து நின்றால் மெலிந்துவிட்டது. ஒரு நோட்டில் தேதி, இரையின் எடை, பாம்பின் எடை, மலம் கழித்த நாள், சட்டை உரித்த நாள் ஆகியவற்றை எழுதி வாருங்கள். மருத்துவரிடம் வரும்போது அந்த நோட்டையும் கொண்டுவந்தால், பாதி விசாரணை அதிலேயே முடிந்துவிடும்.

உறையவைத்த எலியைப் பார்சலில் வரவழைப்பது சிரமமாக இருக்கிறது. வீட்டில் பொறியில் சிக்கும் எலியை உயிரோடு விடலாமா? இல்லையென்றால் கறிக்கடைக் கோழிக்கறியைத் துண்டாக்கிக் கொடுக்கலாமா?
– வாசகர், கூடல் நகர்

இரண்டும் வேண்டாம் ஐயா. பொறியில் சிக்கும் எலி எந்த வீட்டில் மருந்து வைத்ததைத் தின்றுவிட்டு வந்தது என்று நமக்குத் தெரியாது. அந்த நஞ்சு பாம்பையும் கொல்லும். குடற்புழுக்களும் உண்ணிகளும் அதனுடன் வரும். அதைப் பிடித்துக் கையாளும் உங்களுக்கு எலிக்காய்ச்சல் வரக்கூடும் என்பதையும் மறக்கக் கூடாது.

கோழிக்கறித் துண்டில் சதை மட்டுமே இருக்கிறது. பாம்புக்குச் சுண்ணாம்புச் சத்து இரையின் எலும்பிலிருந்தும், வைட்டமின்கள் அதன் ஈரலிலிருந்தும் குடலிலிருந்தும் கிடைக்கின்றன. முழு இரையாகக் கொடுத்தால்தான் அது முழு உணவு. காடைக்குஞ்சை எப்போதாவது ஒருமுறை மாற்றாகக் கொடுப்பதில் தவறில்லை. அதையே வழக்கமாக்கினால் மீண்டும் எலிக்குத் திருப்புவது கடினம்.

உயிருள்ள எலியை, அது பண்ணையில் வளர்ந்த வெள்ளை எலியாகவே இருந்தாலும், தொட்டிக்குள் விட்டுவிட்டுப் போவதை நான் வன்மையாக எதிர்க்கிறேன். பசியில்லாத பாம்பு எலியைத் தொடாது. இரவு முழுவதும் அடைபட்ட எலி பாம்பைக் கடிக்கத் தொடங்கும். முதுகுத் தசை எலும்பு தெரியுமளவுக்குக் கொறிக்கப்பட்ட பாம்புகளுக்குச் சிகிச்சை அளிப்பது எத்தனை கடினம் என்பதை மருத்துவர்கள் அறிவார்கள். அந்த எலியும் ஓடி ஒளிய இடமின்றி அஞ்சிச் சாக வேண்டிய உயிர்தான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

முறையாகக் கொன்று உறையவைத்த எலிக்குஞ்சுகளை, மாதக்கணக்குக்குச் சேர்த்து ஒரே பார்சலாக வரவழைத்துக்கொள்ளுங்கள். மூடியுள்ள தனி டப்பாவில் வைத்து, ஆறு மாதத்துக்குள் பயன்படுத்துங்கள். கொடுக்கும் நாளுக்கு முந்தைய இரவே ஃப்ரீசரிலிருந்து எடுத்துக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். மறுநாள் மாலை அது வளைந்துகொடுக்கும் பதத்துக்கு வந்திருக்கும். வயிற்றை மெல்ல அழுத்திப் பாருங்கள்; உள்ளே கட்டியாகத் தட்டுப்பட்டால் நடுப்பகுதி இன்னும் உருகவில்லை. முழுவதும் உருகியபின், நீர் புகாத பிளாஸ்டிக் பையில் போட்டு, கை பொறுக்கும் சூடுள்ள வெந்நீரில் பத்துப் பதினைந்து நிமிடம் அமிழ்த்தி வையுங்கள். எலியின் மேல்தோல், குறிப்பாகத் தலைப்பகுதி, 37 அல்லது 38 டிகிரிக்கு வர வேண்டும். பைத்தானின் மேலுதட்டில் வரிசையாக இருக்கும் சிறு குழிகள் சூட்டை உணர்பவை. குளிர்ந்த எலி அந்தக் குழிகளுக்குத் தென்படாது. மைக்ரோவேவில் வைத்தால் உள்ளே வெந்து வயிறு வெடித்துவிடும் என்பதால் அந்த வழி வேண்டாம்.

பிறகு ஈரத்தைத் துடைத்து, ஓரடி நீளமுள்ள இடுக்கியால் வாலடியில் பிடித்து, தலை முன்னே இருக்கும்படி பாம்பின் முன் மெல்ல அசைத்துக் காட்டுங்கள். முதலில் நாக்கு வேகமாக நீண்டு மடங்கும். பிறகு நாக்கு நின்று, கழுத்து ஆங்கில எழுத்து எஸ் போல் பின்னுக்கு வளையும். அந்தக் கணத்தில் கை அசையாமல் இருக்க வேண்டும். பாய்ந்து கவ்விச் சுருட்டியதும் இடுக்கியை விட்டுவிட்டு, மூடியைச் சாத்திவிட்டு, நீங்களும் அகன்றுவிட வேண்டும். உண்ணாமல் விட்ட இரையைச் சில மணி நேரத்தில் எடுத்து அப்புறப்படுத்துங்கள். நம் ஊர் வெப்பத்தில் விடியும்வரை அது தாங்காது. மீண்டும் உறையவைக்கவும் கூடாது.

சாப்பிட்ட மறுநாள் தூக்கி விளையாடியதும் எலியைக் கக்கிவிட்டது. பசியோடு இருக்குமே என்று உடனே வேறு கொடுக்கலாமா?
– வாசகர், எல்லிஸ் நகர்

கொடுக்கக் கூடாது. கக்கும்போது இரைப்பை அமிலமும் சேர்ந்து வெளியேறி உணவுக்குழாயைப் புண்ணாக்கியிருக்கும். தண்ணீர் மட்டும் வைத்து, குறைந்தது பத்து முதல் பதினான்கு நாட்கள் விடுங்கள். அதன்பின் வழக்கத்தில் பாதியளவுள்ள சிறிய இரையைக் கொடுங்கள். மீண்டும் கக்கினால் மருத்துவரைப் பாருங்கள்.

உணவுண்டபின் 48 மணி நேரம் பாம்பைத் தூக்கக் கூடாது என்று சொல்வதற்கு வலுவான காரணம் உண்டு. பர்மிய மலைப்பாம்புகளை ஆராய்ந்தவர்கள், பெரிய இரையை உண்ட இரண்டே நாட்களில் அவற்றின் இதயத் தசை 40 சதவீதம் அளவுக்குப் பருத்துவிடுவதையும், குடலும் பல மடங்கு சுறுசுறுப்படைவதையும் கண்டறிந்து 2005ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். வெளிப்பார்வைக்கு அசையாமல் கிடக்கும் பாம்பின் உள்ளே அப்போது அத்தனை வேலை நடக்கிறது. அந்த நேரத்தில் அதற்குச் சூடும் தனிமையும் மட்டுமே வேண்டும்.

அக்னி நட்சத்திரக் காலத்தில் எங்கள் மாடி அறை அனலாகக் கொதிக்கிறது. மின்வெட்டும் உண்டு. அந்நாட்களில் உணவு முறையை மாற்ற வேண்டுமா?
– வாசகி, வில்லாபுரம்

கட்டாயம் மாற்ற வேண்டும். வெளிநாட்டுக் குறிப்புகளைப் படித்துவிட்டு, மே மாதத்திலும் ஹீட்டிங் பேடை இரவும் பகலும் எரியவிடுவோர் இருக்கிறார்கள். வெளியே வெயில் 40 டிகிரியை நெருங்கும்போது, தளம் சூடேறிய மாடி அறையில் தொட்டிக்குள் 35 டிகிரியைத் தாண்டுவது எளிது. குளிர்ந்த பக்கமே இல்லாமல் போனால் பாம்பு தப்ப வழியின்றி இறந்துவிடும். எனவே கோடையில் தொட்டியைக் கீழ்த்தளத்து அறைக்கு இறக்குங்கள். சூடாக்கும் கருவியை நிறுத்துங்கள். பாம்பு முழு உடலோடும் இறங்கிக் கிடக்கும் அளவுக்கு அகலமான மண்சட்டியில் தண்ணீர் வையுங்கள். இரையை இரவு ஒன்பது மணிக்கு மேல், வழக்கத்தைவிடச் சிறியதாகக் கொடுங்கள். இரவிலும் அறை குளிராத வாரத்தில் கொடுக்காமலே விடுவது நல்லது. வளர்ந்த பாம்பு ஒரு முறை உணவைத் தவறவிட்டால் குறையொன்றுமில்லை.

மார்கழி, தை இரவுகளில் நிலைமை நேரெதிர். மதுரையில் விடியற்காலையில் 20 டிகிரியை ஒட்டி இறங்கும்போது, சூடு இல்லாத தொட்டியில் செரிமானம் நின்றுவிடும். விழுங்கிய எலி வயிற்றிலேயே அழுகத் தொடங்கி, பாம்பு அதைக் கக்கும். அன்று இரவு மின்வெட்டு அறிவிக்கப்பட்டிருந்தால் உணவை ஒத்திவையுங்கள்.

பாம்புக்குப் பாலும் முட்டையும் வைத்தால் என்ன? புற்றில் வைப்பதைத்தானே நம் முன்னோர் செய்தார்கள்?
– வாசகர், மேலூர்

புற்றுக்குப் பால் ஊற்றுவது வழிபாடு. அதைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. ஆனால் எந்தப் பாம்புக்கும் பால் உணவல்ல. அதைச் செரிக்கும் திறன் அதன் உடலுக்குக் கிடையாது. பாம்பாட்டியின் கூடையிலிருந்த பாம்பு பால் குடித்ததைப் பார்த்தேன் என்பவர்கள், அது எத்தனை நாள் தண்ணீரின்றி வைக்கப்பட்டிருந்தது என்பதை அறிந்திருக்க மாட்டார்கள். தாகத்தில் தவிக்கும் உயிர் எதைக் கொடுத்தாலும் குடிக்கும். குடித்தபின் வயிற்றுப்போக்கு உண்டாகிச் சாகவும் கூடும். முட்டையைப் பொறுத்தவரை, சில இனங்கள் பறவை முட்டையை உண்பது உண்மை. ஆனால் வீடுகளில் வளரும் பால் பைத்தானுக்கு அது தேவையில்லை. தினமும் மாற்றிய சுத்தமான தண்ணீர் போதும்.

வயலில் கிடைத்த சாரைப்பாம்புக் குட்டியை என் பிள்ளைகள் பெட்டியில் வைத்துத் தவளை பிடித்துப் போட்டு வளர்க்கிறார்கள். நன்றாகச் சாப்பிடுகிறது. எலிக்கு எப்போது மாற்றுவது?
– வாசகர், சோழவந்தான்

எலிக்கு மாற்ற வேண்டாம் ஐயா, இன்றே வயலுக்கு அனுப்பிவிடுங்கள். நம் நாட்டுப் பாம்புகள் எதையும் வீட்டில் வைத்திருக்க 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அனுமதிப்பதில்லை. சாரை, நல்ல பாம்பு, மலைப்பாம்பு, மண்ணுளிப் பாம்பு என்று எதற்கும் விலக்கு இல்லை. அச்சட்டத்தின் திருத்தம் 2023ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தபின் தண்டத்தொகையும் கூடியிருக்கிறது. பிள்ளைகள் அன்பினால் செய்தாலும் சட்டத்தின் முன் அது குற்றமே.

சட்டத்தைத் தள்ளிவைத்துப் பார்த்தாலும், சாரைக் குட்டி முட்டையிலிருந்து வெளிவந்த நாள்முதல் தாயின் துணையின்றித் தானே இரை தேடிக்கொள்ளும். அதைக் காப்பாற்ற யாரும் தேவையில்லை. வளர்ந்தபின் உங்கள் நெல்வயலில் வளைக்குள்ளேயே நுழைந்து எலி பிடிக்கப்போவது அதுதான். எடுத்த இடத்துக்கு அருகிலேயே, வரப்போரப் புதர் பக்கம், வெயில் தாழ்ந்தபின் பெட்டியைச் சாய்த்து விட்டுவிடச் சொல்லுங்கள். அது சாரைதான் என்பதில் சிறிதளவு ஐயம் இருந்தாலும் பிள்ளைகளைத் தொடவிடாமல் வனத்துறைக்கோ, தீயணைப்புத் துறையின் 101 எண்ணுக்கோ தெரிவியுங்கள்.

வெளிநாட்டு இனங்களை வளர்ப்பவர்களுக்கும் ஒரு சொல். பால் பைத்தான் உட்பட எல்லா மலைப்பாம்பு இனங்களும் காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் எனும் பன்னாட்டு உடன்பாட்டின் பட்டியல்களில் இடம்பெற்றவை. அவற்றை வைத்திருப்போர் 2024ஆம் ஆண்டு விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். பதிவுச் சான்று இல்லாமல் விற்பவரிடம் வாங்காதீர்கள்.

வீட்டில் மூன்று வயதுக் குழந்தை இருக்கிறது. பாம்புக்கு உணவளிப்பதில் தனிக் கவனம் ஏதும் வேண்டுமா?
– வாசகி, பழங்காநத்தம்

வேண்டும். உடல்நலத்தோடு இருக்கும் பாம்பின் மலத்திலும் தோலிலும்கூட சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் முதியோருக்கும் கருவுற்றோருக்கும் அது கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும். எலி உருக்கும் பாத்திரமும் இடுக்கியும் தனியாக இருக்கட்டும். தண்ணீர்ச் சட்டியைச் சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது. பாம்பைத் தொட்டபின்னும் எலியைத் தொட்டபின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் குழந்தையைத் தூக்க வேண்டாம். எலி வாடையுள்ள கையைப் பாம்பு இரையென்று எண்ணிக் கவ்வுவதும் இதனால் தவிரும்.

கண் நீலம் பாரித்து மங்கலாகத் தெரிகிறது, இரையையும் மறுக்கிறது. நோயா?
– வாசகர், தத்தனேரி

நோயல்ல, சட்டை உரிக்கப் போகிறது. அந்நாட்களில் பார்வை மங்குவதால் பெரும்பாலான பாம்புகள் உண்பதில்லை. காற்றில் ஈரப்பதம் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உரித்து முடித்து ஓரிரு நாள் கழித்து இரையைக் காட்டுங்கள், நல்ல பசியோடு வாங்கிக்கொள்ளும்.

குடும்பத்தோடு இரண்டு வாரம் வெளியூர் செல்கிறோம். இரண்டு கிலோ எடையுள்ள பைத்தானுக்கு எலி கொடுக்கப் பக்கத்து வீட்டுத் தம்பியைப் பழக்கிவிட்டுப் போகலாமா?
– வாசகர், கே.கே. நகர்

உணவளிக்கும் பொறுப்பை அவரிடம் விட வேண்டாம். உங்கள் பாம்பின் எடைக்கு இரண்டு வாரம் நீண்ட இடைவெளியே அல்ல. புறப்படுவதற்கு ஏழெட்டு நாள் முன்பே ஒரு எலி கொடுத்துவிடுங்கள். அது செரித்து மலமும் கழிந்தபின் நீங்கள் கிளம்பினால், தொட்டி அசுத்தமாகாமல் இருக்கும். அந்தத் தம்பி இரண்டு நாளுக்கு ஒருமுறை வந்து தண்ணீரை மாற்றி, வெப்பமானியைப் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பி, மூடியின் பூட்டைச் சரிபார்த்துவிட்டுப் போனால் போதும். திரும்பி வந்த அன்றே இரையைக் காட்டாமல், ஒரு நாள் விட்டுக் கொடுங்கள்.